மாட்டின் ஈறுகள்: அமைப்பும் அவை காட்டும் அறிகுறிகளும்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் உழவர்கள் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது வழக்கம். பல்லைக் கொண்டு வயதை அறிந்து விலை பேசுகிறோம். ஆனால் பல்லைச் சுற்றியுள்ள ஈறுகளைக் கவனிப்பவர் மிகச் சிலரே. மேய்ச்சல், தீவனம், நோய், நச்சு ஆகிய நான்கைப் பற்றியும் ஈறுகளிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

ஈறுகளின் அமைப்பு

தாடை எலும்பின் விளிம்பைப் போர்த்தி, பற்களின் கழுத்தை இறுகப் பற்றி நிற்கும் பகுதியே ஈறு. பார்ப்பதற்குச் சதை போல் இருப்பினும் இதில் தசை இல்லை. உறுதியான நார்த்திசுவும் அதன்மேல் கடினமான தோலும் சேர்ந்து ஈறு அமைகிறது. இதனுள் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஏராளமாக ஓடுகின்றன. ஈறுகளின் இளஞ்சிவப்பு நிறம் இந்த இரத்தத்தினால் வருவதாகும்.

வளர்ந்த மாட்டிற்கு மொத்தம் 32 பற்கள் உண்டு. இவற்றில் 24 கடைவாய்ப் பற்கள், 8 முன்பற்கள். இந்த எட்டும் கீழ்த்தாடையில் மட்டுமே உள்ளன. மேல்தாடையின் முன்பகுதியில் பற்கள் முளைப்பதே இல்லை. அங்கு ஈறு தடித்து, மேல்தோல் காய்ப்புப் பிடித்து, மெத்தை போல் அமைந்துள்ளது. ஆடு, எருமை ஆகியவற்றிற்கும் இதே அமைப்புத்தான்.

கீழ் முன்பற்களை விரலால் அசைத்தால் சற்று ஆடும். இதனை நோய் என்று எண்ண வேண்டாம். பல் அசைந்து கொடுப்பதால்தான், கடிக்கும்போது மேல் ஈறு காயம்படாமல் தப்புகிறது.

மேய்ச்சலும் ஈறும்

மேல் முன்பற்கள் இல்லாததால் மாடு புல்லை வெட்டித் தின்பதில்லை. நாக்கால் புல்லை வளைத்துப் பிடித்து, கீழ்ப் பற்களுக்கும் மேல் ஈற்றுக்கும் இடையே அழுத்தித் தலையை ஆட்டிப் பிய்க்கிறது. ஆகையால் தரையோடு தரையாக உள்ள புல் மாட்டிற்குப் பயன்படாது. செம்மறியாட்டின் மேலுதடு பிளவுபட்டு எளிதில் அசைவதால் அது அடிவரை மேயும். ஒரே நிலத்தில் ஆடுகளை முதலில் விட்டால் பின்னால் வரும் மாடுகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. மாடுகளை முதலிலும் ஆடுகளை அடுத்தும் மேயவிடுவதே முறை.

புதிதாகக் கொழுக்கட்டைப் புல் விதைத்த நிலத்தில் வேர் ஊன்றும் முன்னர் மாட்டை விட்டால் புல் வேரோடு வந்துவிடும். முதல் முறை அரிவாளால் அறுத்துப் போட்டு, தூர் கட்டிய பின்னர் மேயவிடுங்கள்.

ஊசிப்புல் முற்றினால் அதன் கூரிய விதைகள் ஈறுகளில் குத்திப் புண்ணாக்கும். அப்புண் வழியாகக் கிருமிகள் புகுந்து தாடை எலும்பே வீங்கிவிடக் கூடும். எனவே இப்புல்லைப் பூக்கும் முன்னரே அறுத்துவிட வேண்டும்.

ஈறுகளின் நிறம்

நலமுள்ள மாட்டின் ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் அவ்விடம் வெளுத்து, 2 விநாடிகளுக்குள் பழைய நிறத்தை அடையும். தாமதமானால் இரத்த ஓட்டம் குறைந்துள்ளது என்று பொருள். எருமைகளுக்கும் கறுப்பு மாடுகளுக்கும் ஈறு இயல்பாகவே கறுத்திருக்கும். அவற்றில் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

1. வெளுத்த நிறம்: இரத்தச் சோகை. ஆடுகளில் பெரும்பாலும் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுக்களால் வருவது.

2. மஞ்சள் நிறம்: காமாலை. கல்லீரல் பாதிப்பிலும், உண்ணி மூலம் பரவும் சில காய்ச்சல்களிலும் காணலாம்.

3. மிகப் பளிச்சென்ற சிவப்பு: சோளப் பயிரை மேய்ந்த மாட்டில் இது நச்சின் அறிகுறி.

4. பழுப்பு நிறம்: தீவனத்தில் நைட்ரேட் மிகுந்ததன் அறிகுறி.

கடைசி இரண்டும் பயிர் செய்யும் நம் கையில் உள்ளவை. இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடி மழைக்குப் பின் துளிர்த்த மறுதாம்பிலும் நச்சுப்பொருள் மிகுதி. அது வயிற்றில் பிரிந்து ஹைட்ரஜன் சயனைடு ஆகிறது. உடலின் திசுக்கள் இரத்தத்திலுள்ள பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாமல் போவதால் இரத்தம் மேலும் சிவந்து தோன்றுகிறது. மாடு மூச்சுத் திணறி, நடுங்கி விழுந்து, சில நிமிடங்களிலேயே இறக்கவும் கூடும். நைட்ரேட் நஞ்சில் இரத்தமே பழுப்பாகிப் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. இரண்டிற்கும் மருந்து வேறு. ஆகவே ஈறு என்ன நிறத்தில் உள்ளது, மாடு எதை மேய்ந்தது என்ற இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் உடனே கூறுங்கள்.

தீவனச் சோளத்தைப் பாதிப் பயிர் பூத்த பின்னரே அறுத்துப் போடவும். அறுத்து நன்கு உலர்த்தினால் சயனைடு நஞ்சு பெருமளவு குறையும், நைட்ரேட் குறையாது. யூரியாவைப் பரிந்துரைத்த அளவுக்கு மேல் இடாதிருப்பதே அதற்குத் தடுப்பு.

ஈறுகளில் புண்

கோமாரி நோயில் நாக்கிலும் மேல் ஈற்றிலும் கொப்புளங்கள் தோன்றி உடையும். மாடு எச்சில் ஒழுக நின்று தீவனத்தை மறுக்கும். முன்பு ஈறுகளில் தவிடு தூவியது போன்ற புண்களை உண்டாக்கி மந்தைகளை அழித்த வெக்கை நோய், தடுப்பூசியின் பயனாக உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என 2011-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே போன்ற புண்களை ஆடுகளில் உண்டாக்கும் ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் நம்மிடையே உள்ளது. இரண்டிற்கும் தடுப்பூசி உண்டு, தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

வாயைப் பார்க்கும் முறை

மாட்டின் பக்கவாட்டில் நின்று, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மேலுதட்டைத் தூக்கினால் போதும். எச்சில் ஒழுக்கிக்கொண்டு, விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

வாரம் ஒரு முறை, கறவை முடிந்த பின் ஒவ்வொரு மாட்டின் ஈறுகளையும் பார்த்து வாருங்கள். நலமாக உள்ளபோது இருக்கும் நிறம் கண்ணுக்குப் பழகியிருந்தால்தான், மாறும்போது உடனே தெரியும்.