உட்பகை

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் எழுந்தது. 1799-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இடித்த அக்கோட்டையை, 1801-இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பினார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பீரங்கியுடன் வந்த படையை அம்மண்மதில் தடுத்தது. மே திங்களில் பெரும்படை திரண்டு வந்த பின்னரே வீழ்ந்தது. வெளிப்பகையை எதிர்க்க மதிலும் மறவரும் உண்டு. ஆயின், உள்ளே புகுந்து காவலனின் களஞ்சியத்திலேயே உண்டு வாழும் பகையை வெல்வது எங்ஙனம்? வள்ளுவர் உட்பகை என ஓர் அதிகாரமே வகுத்தனர். அதற்கு ஏற்ற சான்று காசநோய்க் கிருமி.

இக்கிருமியை 1882-இல் இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் கண்டறிந்தார். மனித உடலாகிய கோட்டைக்குக் காவலர், கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் பெருவிழுங்கி அணுக்கள். மூச்சின் வழியே நுரையீரலை அடையும் காசநோய்க் கிருமியையும் அவை விழுங்குகின்றன. விழுங்கப்பட்ட கிருமியோ எளிதில் மடிவதில்லை. அது ஈசாட்-6 என்னும் நச்சுத் தன்மையுள்ள புரதத்தைச் சுரக்கின்றது.

அப்புரதத்தின் சூழ்ச்சியைப் புதுதில்லியிலுள்ள பன்னாட்டு ஆய்வுமையம் ஒன்றன் அறிஞர்கள் 2012-இல் விளக்கினர். அணுவினுள் எரிந்து ஆற்றல் தரவேண்டிய சர்க்கரையின் ஒரு பகுதி வேறு வழியில் திருப்பப்படுகின்றது. அதனின்று கீட்டோன் என்னும் வகையைச் சார்ந்த பொருளொன்று தோன்றுகின்றது. அப்பொருள், சேமித்த கொழுப்புக் கரையாதவாறு தடுக்கின்றது. கொழுப்புத் துளிகள் நிறைந்த அணு, நுரை நிறைந்தாற்போலத் தோன்றும். அக்கொழுப்பே கிருமிக்கு உணவு. காவலனே பகைவனுக்குச் சோறிட்டு உறைவிடமும் அளிக்கின்றான்!

நுரையணுவில் மந்தமாக உறங்கும் கிருமியை மருந்து விரைந்து கொல்வதில்லை. மருந்தைப் பல திங்கள் உண்ண வேண்டுவதற்கு இஃதும் ஒரு காரணம் என்பர். சில வாரங்களில் இருமல் தணியும், காய்ச்சல் நீங்கும், உடல் தேறும். நோய் தீர்ந்ததென்று கருதி மருந்தை நிறுத்துவோர் உளர். உறங்கிய கிருமி மீண்டும் விழிக்கும். மருந்துக்கு அடங்காத வன்மையும் பெறக்கூடும்.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், முறையாக மருந்து உண்டால் வீட்டிலிருந்தே இந்நோயைத் தீர்க்கலாம் என்று உலகிற்குக் காட்டியது. நோயாளியை ஒதுக்குதல் அறியாமை. மருத்துவர் வரையறுத்த காலம் முழுதும், பொதுவாக 6 திங்கள், ஒருநாளும் தவறாது மருந்து உண்ணச் செய்வதே சுற்றத்தார் கடமை. பகைவன் ஒளிந்திருக்கையில் வாயிற்காவலை நீக்கலாகாது.