போடியிலிருந்து அளந்தால் மீசைப்புலிமலை

எவரெஸ்ட் 8,849 மீட்டர், மீசைப்புலிமலை 2,640 மீட்டர். ஆகவே நம் மலை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத குன்று என்னும் அபிப்பிராயம், நாள்தோறும் அதை அண்ணாந்து பார்த்து வாழ்கிற தேனி, போடி, கம்பம் பிரதேசத்து மக்களிடையேயும் வேரூன்றியிருப்பது விசனத்துக்குரியது. அவ்விரண்டு இலக்கங்களும் சமுத்திர மட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை. 1990ஆம் வருஷம் வங்கக் கடற்கரையிலிருந்தே கால்நடையாகப் புறப்பட்டு எவரெஸ்டின் உச்சியை அடைந்த ஆஸ்திரேலியர் டிம் மக்கார்ட்னி ஸ்னேப் போன்ற அபூர்வ மனிதர்கள் நீங்கலாக, நேபாளப் பக்கம் செல்வோர் யாவரும் ஏறத் தொடங்குவது 5,364 மீட்டரில் உள்ள அடிவார முகாமிலிருந்துதான். அவர்களுக்கு மிச்சமிருப்பது ஏறத்தாழ 3,485 மீட்டர். போடிநாயக்கனூரோ சுமார் 350 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்குள் மீசைப்புலிமலையின் சிகரம் 2,290 மீட்டர் எழும்பி நிற்கிறது. எவரெஸ்டுக்காரர் ஏறுகிற உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அது. உறைபனியும் பிராணவாயுக் குறைவும் வேறு விஷயம். நான் பேசுவது உயரத்தை மாத்திரம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி என்பர். சமுத்திர மட்டத்திலிருந்து அத்தகைய விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மீசைப்புலிமலையை எட்ட நாற்பது வேண்டும். போடியிலிருந்து அடுக்கினால் முப்பத்தைந்து. சுமார் 1,500 மீட்டரில் அமைந்த மூணாற்றிலிருந்து அடுக்கினாலோ பதினேழே போதும். மலை ஒன்றுதான், ஆனால் மூணாற்றுக்காரர் காண்பதைப்போல் இரண்டு மடங்கை நம் பள்ளத்தாக்கு காண்கிறது.

மீசைப்புலிமலையை அடுத்துள்ள கொழுக்குமலையைப் பற்றியும் இத்தகைய நம்பிக்கைகள் உண்டு. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் மூணாற்றைச் சேர்ந்தது என்பதும், உலகிலேயே அதுதான் மிக உயர்ந்தது என்பதும் யாத்திரிகர்கள் வாயிலாகப் பரவிய இரண்டு நம்பிக்கைகள். ஜீப் செல்லும் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக ஏறுவதால் முதலாவது பிறந்திருக்க வேண்டும். தோட்டம் தேனி மாவட்டத்தில், போடி வட்டத்தில் உள்ளது. அதன் உயரமாகச் சொல்லப்படுவது 7,900 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர். தைவான் தேசத்துத் தா யூ லிங்கிலோ 2,500 மீட்டருக்கு மேலேயே தேயிலை பயிரிட்டிருக்கிறார்கள். உலகப் பட்டம் இல்லாவிட்டாலும் கொழுக்குமலையின் பெருமைக்கு ஒரு குறைவும் இல்லை.

மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதால் சமையலும் சீக்கிரம் முடியும் என்று நம்புவோரும் உண்டு. காற்றின் அழுத்தம் குறைவதால் கொழுக்குமலையில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பது மெய்தான்; ஆனால் அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் உஷ்ணம் ஏறாது. உலை தளதளவென்று பொங்கிக்கொண்டிருக்க, கரண்டியில் எடுத்து நசுக்கினால் துவரம் பருப்பு நடுவில் வெள்ளையாக, வேகாமல் கிடக்கும்.

இவற்றிலெல்லாம் அபாயகரமானது, உயரம் குறைந்த மலை ஏறுவதற்கு எளிது என்னும் நம்பிக்கையே. கொழுக்குமலைக்கும் அடிவாரத்துக் குரங்கணிக்கும் இடையே உள்ள சரிவில், 2018 மார்ச் 11ஆம் தேதி பரவிய காட்டுத் தீயில், மலையேற்றம் சென்றிருந்தவர்களில் 23 பேர் மாண்டார்கள். சமதரையில் பரவும் தீயைவிடச் சரிவில் மேல்நோக்கி ஏறும் தீக்கு வேகம் பன்மடங்கு அதிகம். மேலே இருக்கும் புல்லை அதன் ஜுவாலை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. மாசிக் கடைசியில் புல் காய்ந்து சருகாகிவிட்ட அத்தகைய சரிவிலே, மேலே ஓடித் தப்ப முயலும் மனிதனை நெருப்பு முந்திவிடும்.