மருந்து தெளித்த ஊரில் நோய்: காரணம் அறிவது எப்படி?

பூச்சிமருந்து தெளிக்கும் வட்டாரத்தில் ஒரே மாதிரியான நோய் பல வீடுகளில் தோன்றினால், மருந்துதான் காரணம் என்பர் சிலர். இல்லை என்பர் சிலர். இது வாதாடித் தீர்க்கும் விஷயமன்று. முறையாக ஆராய்ந்தே முடிவு காண வேண்டும். கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் இதற்கு நல்ல பாடம்.

அங்கு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவைக் கட்டுப்படுத்த, எண்டோசல்பான் மருந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டர் மூலம் தெளித்தனர். தோட்டத்தை ஒட்டியே வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. நோய்கள் பெருகுவதை உள்ளூர் டாக்டர் ஒருவர் கவனித்து எழுதினார்.

2001-இல் ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தார் வந்து ஆராய்ந்தனர். மருந்து விழுந்த ஊர் ஒன்று, விழாத ஊர் ஒன்று என இரண்டை எடுத்துக்கொண்டு, 10 முதல் 19 வயது வரையுள்ள சிறுவர்களைச் சோதித்தனர். ரத்தத்தில் எண்டோசல்பான், நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில், முதல் ஊரில் சராசரி 7.47, இரண்டாவதில் 1.37. அதாவது ஐந்து மடங்குக்கு மேல். தெளிப்பு நின்று பல மாதங்கள் ஆன பிறகு கண்ட அளவு இது! முதல் ஊர்ச் சிறுவர்கள் பருவமடைவதிலும் தாமதம் தெரிந்தது.

மருந்து விழாத ஊரையும் சோதித்ததால்தான் வேறுபாடு புலப்பட்டது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க 2017-இல் உத்தரவிட்டது.

ஆராய்வோருக்கு உதவும் விவரங்கள் ஊராரிடமே உள்ளன. எனவே விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. மருந்தின் பெயர், அளவு, தெளித்த நாள், காற்றடித்த திசை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கவும்.

2. யாருக்கு, எந்த நாளில், என்ன உபாதை என்று குறிக்கவும். நலமாக உள்ள வீடுகளையும் குறிப்பது அவசியம்.

3. மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவும். மருந்துப் புட்டியின் லேபிளை டாக்டரிடம் காட்டவும்.

4. குயினால்பாஸ், புரொபனோபாஸ் போன்ற மருந்துகளின் பாதிப்பை, ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைச் சோதித்து அறியலாம். நாள் கடந்தால் அந்த அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும், தடயம் மறைந்துவிடும்.

பல வீடுகளில் பாதிப்பு இருந்தால், ஊராட்சி மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வேளாண்மை அலுவலருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஆய்வு கோரவும். ஒரு குயர் நோட்டுக்கு ஆகும் செலவு சொற்பம். ஊருக்கு அதனால் வரும் பலம் பெரிது.