நாள்தோறுமா, வாரம் இருமுறையா?

கீமோதெரபி என்றதும் நமக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வேதிப்பொருள்களைக் கொண்டு நோயைத் தீர்க்கும் முறைக்கு ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இட்ட பொதுப்பெயரே அது. சென்னையில் 1956-இல் ‘காசநோய் கீமோதெரபி மையம்’ என்ற பெயரிலேயே ஓர் ஆய்வு நிலையம் தோன்றியது.

காசநோய் கண்டவர் வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் தங்குவது அந்நாளைய வழக்கம். நம் பக்கத்துப் பெருந்துறை சானடோரியத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். நோயாளர் பல லட்சம். கட்டில்களோ மிகச் சில. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன? சிங்காநல்லூர் ஆலைத் தொழிலாளரின் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு உடனே ஓர் அச்சம் எழும்: ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளின் கதி என்னாகும்?

வாலஸ் ஃபாக்ஸ் முதலான மருத்துவர்கள் 200-க்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளரை இரு பிரிவாக்கினர். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையே தீர்மானித்தது. இல்லாவிடில் நலிந்தவர்களெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடக் கூடுமல்லவா? இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் உண்டு. வீட்டில் இரண்டும் குறைவு. ஆயினும் குணமானோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அவ்வேறுபாடும் ஏறத்தாழ மறைந்திருந்தது. வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து தொடங்கும் முன்பே தொற்றவேண்டியது தொற்றிவிடுகிறது!

அடுத்த தொல்லை, மாத்திரை. இருமல் நின்றதும் பலர் அதை விட்டுவிடுவார்கள். ஆகவே 1960-களில் அதே மையம் வேறோர் ஒப்பீடு செய்தது. ஒரு சாரார் நாள்தோறும் வீட்டில் தாமே மருந்து உண்டனர். மறு சாரார் வாரம் இருமுறை வந்து, ஊழியர் கண்ணெதிரே ஊசியும் மாத்திரையும் பெற்றனர். இருமுறைப் பிரிவு சற்றும் பின்தங்கவில்லை. இரு பிரிவினரின் மருந்துகளும் முற்றிலும் ஒன்றல்லவாதலால், வெற்றி நாள்கணக்கினுடையதா, கண்காணிப்பினுடையதா என்று பிரித்துச் சொல்வது கடினம். எங்கள் எண்ணம் கண்காணிப்பின் பக்கமே சாய்கிறது.

1997 முதல் நம் நாட்டுத் திட்டம் வாரம் மும்முறை மருந்தளித்தது. மும்முறையில் ஒன்று தவறினாலும் இடைவெளி நீண்டுவிடும். நோய் திரும்பும் வாய்ப்பும் மிகும். 2017-இல் நாடெங்கும் நாள்தோறும் அளிக்கும் முறைக்கே திரும்பினர். இன்று சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடல் தேறினாலும், உறங்கிக் கிடக்கும் சில கிருமிகளை ஒழிக்கவே மீதி நான்கு மாதங்கள்.