நெடுநேரம் செயற்படும் மாத்திரைகள்

சாதாரண மாத்திரை வயிற்றில் விரைவில் கரைந்து, குடல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் மருந்தின் அளவு சிறிது நேரத்தில் உச்சத்தை எட்டும். பின்னர் ஈரலும் சிறுநீரகங்களும் அதனை அகற்றுவதால் அது படிப்படியாகக் குறையும். 4 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும் மருந்தொன்றைக் கருதுவோம். உச்சத்தில் 100 பங்கு இருந்தால், 4 மணி நேரம் கழித்து 50, 8 மணி நேரம் கழித்து 25, 12 மணி நேரம் கழித்து 12.5 பங்கே எஞ்சும். அளவு மிகுந்தால் தீங்கு விளையும். குறைந்தால் நோய் தணியாது. இதனாலேயே சில மருந்துகளை நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை உண்ண வேண்டியுள்ளது.

இக்குறையை நீக்க எழுந்ததே மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் முறை. இது மூன்று வகைகளில் நிகழக்கூடும்.

முதலாவது, மேற்பூச்சு முறை. 1952இல் அமெரிக்காவில் ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு நிறுவனம் 'ஸ்பான்சூல்' என்னும் மருந்துக் குப்பியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனுள் மெழுகு போன்ற பொருள் பூசிய நுண்மணிகள் பல இருந்தன. பூச்சு மெல்லியதாயின் மருந்து முன்னதாகவும், தடித்ததாயின் பின்னதாகவும் வெளிப்படும்.

இரண்டாவது, கூழ் முறை. நீரில் ஊறிக் கூழாகும் பாலிமருடன் மருந்தைக் கலந்து மாத்திரையாக்குவர். அக்கூழினூடே மருந்து மெல்லக் கசியும். நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மின் இவ்வகையிலும் கிடைக்கிறது.

மூன்றாவது, சவ்வூடு பரவல் முறை. நீரை மட்டும் உள்ளே விடும் சவ்வு மாத்திரையைச் சூழ்ந்திருக்கும். உட்புகும் நீரின் அழுத்தம், சவ்விலுள்ள நுண்துளை வழியே மருந்தைச் சீராக வெளித்தள்ளும். வெற்றுக் கூடு மலத்துடன் வெளியேறும். அதனைக் கண்டு, மருந்து கரையவில்லையென நோயாளி அஞ்ச வேண்டுவதில்லை.

முதல் முறையை வகுப்பில் எளிதில் விளக்கலாம். சர்க்கரைப் பூச்சு மெல்லியதும் தடித்ததுமான சீரக மிட்டாய்களைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு நீரில் இடுக. ஒவ்வொன்றிலும் சீரகம் வெளித்தோன்றும் நேரத்தை மாணவர் குறிக்கட்டும். பூச்சின் தடிமனே கடிகாரமாக அமைவதை அவர்கள் தாமே உணர்வர்.

களப்பணியாளர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. விழுங்க இயலாத முதியோருக்கு மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்துக் கொடுப்பது வீடுகளில் காணும் வழக்கம். நெடுநேரம் செயற்படும் மாத்திரையைப் பொடித்தால் அதன் அமைப்புச் சிதைந்து, நாள் முழுவதும் வெளிவர வேண்டிய மருந்து ஒருங்கே இரத்தத்தில் கலந்துவிடும். இரத்த அழுத்தத்திற்குரிய நிஃபெடிபின் இவ்வாறு கலந்தால், அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, மருந்தின் பெயரை அடுத்து எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்னும் எழுத்துகள் உள்ளனவா என்று உறையில் நோக்குக. இருப்பின், அம்மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது; மருத்துவர் அல்லது மருந்தாளுநர் கூறாமல் இரண்டாக உடைக்கவும் கூடாது. விழுங்க முடியாதவருக்கு மாற்று மருந்து தருமாறு மருத்துவரைக் கேட்பதே தக்க வழியாகும்.