விதைக்குள் பூட்டு, செல்லுக்குள் சாவி

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லுக்குக் குறைவில்லை. ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் சோளமும் பயறும் விளைகின்றன. இருந்தும் நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்த சோகை உள்ளதென 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நாம் உண்ணும் தானியத்திற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இனோசிட்டால் என்பது ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக அமைந்த, சர்க்கரையை ஒத்த பொருள். அதனுடன் ஆறு பாஸ்பேட்டுகள் சேர்ந்தால் பைட்டிக் அமிலம் ஆகும். முளைக்கப் போகும் செடிக்காக விதை தன் பாஸ்பரஸில் பெரும்பகுதியை இவ்வடிவில் சேமித்து வைக்கிறது. ஆனால் இந்த அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே நாம் உண்ட இரும்பில் ஒரு பங்கு இரத்தத்தில் சேராமலே வெளியேறி விடுகிறது.

இதே இனோசிட்டால் மூன்று பாஸ்பேட்டுகளை மட்டும் ஏந்தி நின்றால், நம் உடலில் அது ஒரு தூதுவன்! நாம் உண்ணும்போது நரம்பின் செய்தி கணையச் செல்லை எட்டுகிறது. உடனே செல் சவ்விலிருந்து இத்தூதுவன் பிரிந்து உள்ளே சென்று, கால்சியம் சேமிக்கப்பட்டுள்ள அறையைத் திறக்கிறான். கால்சியம் பெருகியதும் செரிமான நீர் சுரக்கிறது. இதனை மைக்கேல் பெர்ரிட்ஜ் உள்ளிட்ட அறிஞர் நால்வர், எலியின் கணையச் செல்களில் ஆராய்ந்து 1983இல் வெளியிட்டனர்.

விதையின் பூட்டைத் திறக்க வழி உண்டா? உண்டு. விதை முளைக்கும்போது பைட்டேஸ் என்னும் நொதி, பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக நீக்குகிறது. நம் குடலில் இந்நொதி மிகக் குறைவு. பயற்றை ஊறவைத்து முளைகட்டினாலும், இட்லி மாவைப் புளிக்க வைத்தாலும் பைட்டிக் அமிலம் குறையும். பெயர் அறியாமலே இவ்வேலையை நம் பாட்டிமார் அன்றாடம் செய்து வந்தனர். உணவோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு எளிதில் உடலில் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும்.

தோழியரே! பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நாங்களும் ஜன்னல் வழியே எறிந்ததுண்டு. இப்பாடத்தைப் படித்த பின் எறிய மனம் வரவில்லை. உடல் இறைவன் வாழும் ஆலயம் எனக் கற்கும் நாம், மாத்திரையைத் தவறாமல் விழுங்குவோம். முளைகட்டிய பயற்றை முகம் சுளிக்காமல் உண்போம்!