சக்கரமும் சரக்கும்

சரக்கின் விலையில் சுமைகூலிக்கும் ஒரு பங்குண்டு என்பதை வியாபாரிகளாகிய நாம் நன்கறிவோம். அக்கூலியைக் குறைக்க மனிதன் கண்ட சாதனங்களுள் தலையாயது சக்கரம். அதன் சரித்திரத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

சுலோவீனியா நாட்டின் தலைநகரான லூப்லியானாவுக்கு அருகே, சதுப்பு நிலத்தில் 2002-இல் ஒரு மரச்சக்கரம் கிடைத்தது. அதன் வயது ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அதனுடன் அச்சும் கிடைத்தது. வட்டமாகப் பலகையை அறுப்பது பெரிதல்ல. அச்சைப் பொருத்துவதே வித்தை. இறுகினால் சுழலாது, தளர்ந்தால் ஆடும். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் ஆரக்கால் வைத்த சக்கரம் வந்தது; வண்டியின் கனம் குறைந்தது.

இத்தகைய சாதனத்தை மேற்கு ஆசியாவின் வணிகர்கள் கைவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? கி.பி. 3 முதல் 7-ஆம் நூற்றாண்டுக்குள் அங்கே வண்டிகள் மறைந்து, ஒட்டகமே சரக்குச் சுமந்தது என்று ரிச்சர்ட் புல்லியட் என்ற அமெரிக்க சரித்திர ஆசிரியர் 1975-இல் எழுதினார். காரணம் அறியாமையன்று, கணக்கு! வண்டிக்குப் பாதை வேண்டும், பாலம் வேண்டும், அந்நாடுகளில் அரிதான மரம் வேண்டும். ஒட்டகத்துக்கு இவை வேண்டா. வரிசையாகக் கட்டிய பல ஒட்டகங்களை ஒரே ஆள் நடத்திச் செல்லலாம்.

ஆயினும் லாபமுள்ள இடத்தில் சக்கரத்தை அவர்கள் விடவில்லை. சிரியாவின் ஹமா நகரிலுள்ள நீர்ச்சக்கரங்களுள் பெரியது சுமார் 20 மீட்டர் குறுக்களவுடையது. ஆற்றின் ஓட்டமே அதைச் சுழற்றித் தோட்டங்களுக்கு நீர் இறைத்தது. மாடும் வேண்டா, ஆளும் வேண்டா.

பாதைகள் சீரானதும் காலம் மீண்டும் மாறியது. 1888-இல் ஜான் டன்லப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருக, ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளின் வழியே மலாயாவெங்கும் தோட்டங்கள் பரவின. சக்கரம் ஒரு நாட்டின் பிழைப்பையே மாற்றிவிட்டது.

ஆகவே, சக்கரம் சிறந்ததா ஒட்டகம் சிறந்ததா என்பதன்று கேள்வி. எந்தப் பாதையில், எந்தச் சரக்கை, என்ன செலவில் கொண்டு சேர்ப்பது என்பதே கேள்வி. பக்கத்துக் கடைக்காரர் லாரி வாங்கினார் என்று நாமும் கடன்பட்டு வாங்கலாகாது. மாதம் எத்தனை நடை, எண்ணெய் எவ்வளவு, ஓட்டுநர் சம்பளம், பழுதுச் செலவு, தவணை எவ்வளவு என்று எழுதி, வாடகை வண்டிக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கணக்கு ஒப்பினால் வாங்குவோம். ஒப்பாவிட்டால் வாடகை வண்டியே நமக்கு ஒட்டகம்.